எந்த வழியாக வந்தது?

வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் சித்தப்பா மகனாக இருக்கலாம், பழைய அலுவலக நண்பராக இருக்கலாம். பெயரும் படமும் சரியாகவே இருக்கின்றன. "அண்ணே, குடும்பத்தோட அவசியம் வரணும்" என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு கோப்பு. தொட்டால் பத்திரிகை திறப்பதில்லை. இந்தச் செயலியை நிறுவ வேண்டுமா என்று போன் கேட்கிறது. கல்யாண வீட்டில் புதுமாதிரியாக ஏதோ செய்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து 'சரி' கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறது. அதே பத்திரிகை இப்போது அவருடைய எண்ணிலிருந்து அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகளாக இந்தியா முழுக்க நடந்துவரும் மோசடி இது. பத்திரிகை என்பது ஒரு வேஷம் மட்டுமே. போக்குவரத்து அபராத ரசீது, பிஎம் கிசான் தவணை, வங்கியின் கேஒய்சி, மின்கட்டண நிலுவை என்று வேஷங்கள் மாறும். கோப்பின் பெயர் மட்டும் கடைசியில் 'ஏபிகே' என்று முடியும். ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவுவதற்கான கோப்பு அது. பத்திரிகையோ ரசீதோ படமாக வரும், அல்லது பிடிஎஃப் ஆக வரும். அதைப் பார்ப்பதற்காக யாரும் புதிதாக ஒரு செயலியை நிறுவ வேண்டியதே இல்லை. இந்த ஒன்று மனதில் பதிந்தாலே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

உள்ளே போன செயலி முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். பத்திரிகை காட்ட எஸ்எம்எஸ் எதற்கு என்று யோசிப்பதற்குள் விரல் பழக்கத்தில் 'அனுமதி' மீது போய்விடுகிறது. அந்த ஓர் அனுமதி போதும். வங்கி அனுப்பும் ஓடிபி நம் கண்ணில் படும் முன்பே வேறொருவரின் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறப்பதற்கும் ஓடிபிதான் சாவி என்பதால், அந்தக் கணக்கும் கைமாறிவிடும். சில செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய் 'அணுகல்தன்மை' என்ற வசதியைக் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் உருவாக்கிய வசதி அது. அதைத் திருடன் கையில் கொடுத்தால் திரையைப் படிப்பவனும் பொத்தானை அழுத்துபவனும் அவனே. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த செயலிகளுக்கு இந்த வசதியைத் தருவதற்கு ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையை எப்படி நீக்குவது என்பதையும் மோசடிக்காரர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஏமாந்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தெரிஞ்சவர்தானே அனுப்பினார்." அந்தப் பதிலில் முட்டாள்தனம் ஏதுமில்லை. காலங்காலமாக மனிதர்கள் அப்படித்தான் நம்பி வந்திருக்கிறார்கள். முகம் பார்த்து, பெயர் கேட்டு, ஊர் கேட்டு நம்புவது நம் வழக்கம். போனிலும் கணினியிலும் அந்த வழக்கம் மட்டும் போதாது. முகத்தை, பெயரை, முத்திரைச் சின்னத்தை எவராலும் ஒரு நொடியில் நகலெடுத்துவிட முடியும். நகலெடுக்கக் கடினமானது, அந்தப் பொருள் நம்மிடம் வந்து சேர்ந்த வழி. யார் செய்தார்கள், நடுவில் யார் கை பட்டது, தப்பு நடந்தால் யாரைப் பிடித்துக் கேட்க முடியும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். மென்பொருள், குறுஞ்செய்தி, திருட்டுப் பிரதி எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

வழியைக் கணினி எப்படிச் சோதிக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியிலும் அதைச் செய்தவரின் மின்னணுக் கையெழுத்து இருக்கும். செய்தவரிடம் மட்டும் ஒரு ரகசிய எண் உண்டு. செயலியின் முழு உள்ளடக்கத்தையும் அந்த எண்ணையும் வைத்துக் கணக்கிட்டு வருவதுதான் அந்தக் கையெழுத்து. நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு பிசகிவிடும், போன் ஏற்க மறுக்கும். அடுத்த பதிப்பு வரும்போதும் அதே ரகசிய எண்ணால் கையெழுத்திட்டிருந்தால்தான் பழையதன் மேல் அது ஏறும். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. சீல் சொல்வது, நிரப்பிய இடத்திலிருந்து நம் வாசல் வரை யாரும் கை வைக்கவில்லை என்பதை மட்டும்தான். நிரப்பியவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. மோசடிக்காரனும் தன் செயலிக்குத் தானே கையெழுத்திட்டுக்கொள்ளலாம். ஆகவே கையெழுத்து யாருடையது என்று சரிபார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் போன்றவற்றின் பயன் அதுதான்.

அதற்காகக் கடையில் இருப்பதெல்லாம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரேஷன் கார்டு, ஆதார் நகல் என்று எதையும் போனில் ஸ்கேன் செய்ய ஒரு காலத்தில் நம் ஊரில் பலரும் கேம்ஸ்கேனர் வைத்திருந்தார்கள். பத்து கோடித் தடவைக்கு மேல் இறக்கப்பட்ட செயலி. 2019 ஆகஸ்டில் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் ஒன்று இருப்பதைக் காஸ்பர்ஸ்கை நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். விளம்பரம் காட்டுவதற்காக வெளியார் எழுதிய ஒரு பகுதி வழியாக அது உள்ளே வந்திருந்தது. கூகுள் உடனே கடையிலிருந்து எடுத்தது, செய்தவர்கள் அந்தப் பகுதியை நீக்கிய பிறகு செயலி திரும்பி வந்தது. "எல்லாரும்தான் வச்சிருக்காங்க" என்ற நம்பிக்கை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதற்கு இது சாட்சி. அதே சமயம், கடை என்ற ஒன்று நடுவில் இருந்ததால் நீக்கவும் திருத்தவும் முடிந்தது. வாட்ஸ்அப் வழியாக வந்த ஏபிகே கோப்பை யாரும் திரும்பப் பெற மாட்டார்கள்.

இனி திருட்டுப் பிரதிக்கு வருகிறேன். இதில் நம் மக்கள் சொல்வதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஒரு சிறிய ஊரில் டிடிபி கடை வைத்திருப்பவர், கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் ஆகியோருக்கு அசல் மென்பொருளின் விலை அவர்கள் வருமானத்தோடு பொருந்துவதே இல்லை. அமெரிக்கச் சம்பளத்துக்கு ஏற்ப வைத்த விலை அது. கணினி வாங்கும்போதே கடைக்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார், அதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்றே பலருக்குத் தெரியாது. "அவ்வளவு பெரிய கம்பெனிக்கு என் காசு இல்லாட்டி என்ன குறைஞ்சிடப் போகுது?" என்ற கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி கம்பெனியின் நட்டத்தை மட்டும் பார்க்கிறது. கணினியின் சொந்தக்காரர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

'கிராக்' என்று சொல்கிறோமே, அது என்ன செய்கிறது? அசல் மென்பொருளில் 'இவர் காசு கொடுத்தாரா' என்று சோதிக்கும் பகுதியைத் தேடிப் பிடித்து மாற்றி எழுதுகிறது. மாற்றியதுமே சற்றுமுன் சொன்ன கையெழுத்து செல்லாமல் போகிறது. அதன் பிறகு அந்தக் கோப்பில் வேறு என்னென்ன மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளச் சாதாரணப் பயனாளிக்கு வழியே இல்லை. கூடவே ஓர் அறிவுரையும் வரும்: "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்." வீடு திறக்க வருபவர் காவல்காரரை முதலில் அனுப்பிவிடச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? கணினியில் மட்டும் அதை மறுபேச்சில்லாமல் செய்கிறோம்.

விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்யப் பலர் பயன்படுத்தும் கருவி ஒன்றைப் பார்ப்போம். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் மைக்ரோசாஃப்டிடம் போய் நிற்காமல், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வரிடம் அனுமதி வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அந்த அனுமதி 180 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கேஎம்எஸ்பிகோ போன்ற கருவிகள் நம் கணினிக்குள்ளேயே அப்படியொரு பொய் சர்வரை உட்கார வைத்து, கெடு தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. அதாவது உயர்ந்த அதிகாரத்தோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, யார் எழுதியது என்றே தெரியாமல், நாமே கூப்பிட்டுக் குடிவைக்கிறோம். 2021இல் இந்தக் கருவியின் பெயரில் உலவிய நிறுவல் கோப்புகளில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் ஒளிந்திருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் அள்ளிக்கொண்டு போகும் நிரல் அது. கணினி மெதுவாகாது, திரை கறுக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. "நாலு வருஷமா யூஸ் பண்றேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவரிடம் எனக்குள்ள கவலை இதுதான்: ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு தீங்கு இதைவிடச் சத்தமில்லாதது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்கள் அப்டேட்டை நிறுத்திவைப்பார்கள், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்ட கணினிகள் தப்பின. பிரிட்டன் மருத்துவமனைகளில் இருந்தவை திருட்டுப் பிரதிகள் அல்ல, போடாமல் விட்டதுதான் காரணம். திருட்டுப் பிரதி வைத்திருப்பவரோ அந்த நிலைமையைத் தானே தேடி உண்டாக்கிக்கொள்கிறார்.

திருட்டுப் பிரதிக்கும் வைரஸுக்கும் உள்ள உறவு பழையது. ஐபிஎம் பிசிக்கு வந்த முதல் வைரஸ் என்று அறியப்படும் 'பிரெய்ன்' 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைப் பிடிக்கவே அதைச் செய்ததாக அவர்கள் சொன்னார்கள். வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி, தடுப்புக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் சேர்த்திருந்தார்கள். ஃப்ளாப்பி வழியாகவே அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் அவர்களுக்குப் போன் வர ஆரம்பித்தது. நகல் எந்தெந்தக் கைகள் வழியாகப் போகும் என்பது எழுதியவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

அதற்கும் பத்து ஆண்டு முன்னால், 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடத் தன் நிறுவனத்தின் பேசிக் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவில்லை, மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வருத்தம். பிற்காலத்தில் அவர் சம்பாதித்ததை வைத்து அந்தக் கடிதத்தைப் பலர் கேலி செய்கிறார்கள். என் மனம் போவது பணக்காரர் ஆகாத மற்றவர்கள் பக்கம். தமிழ் எழுத்துருக்களை எடுத்துக்கொள்வோம். ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்க உயிர்மெய், கொம்பு, கால், சுழி என்று ஒவ்வொரு வடிவத்தையும் கையால் வரைந்து, ஒன்றோடொன்று இடிக்காமல் இடைவெளி திருத்தி, அச்சில் பார்த்து மறுபடி மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. அதைச் செய்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல, விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழர்களும் சில சிறு நிறுவனங்களும்தான். அவர்களின் எழுத்துருக்கள் ஒரு டிடிபி கடையிலிருந்து இன்னொன்றுக்குச் சிடியிலும் பென் டிரைவிலும் இலவசமாகவே பயணம் செய்தன. நல்ல தமிழ் எழுத்துருக்கள் ஏன் இத்தனை குறைவு என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம். திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 2023இல் திருத்திய சினிமா சட்டம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. படம் வெளியான நாளிலேயே திருட்டுத் தளத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தளங்கள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல. 'அறிவிப்புகளை அனுமதி', 'பிளேயரை நிறுவு' என்று அங்கே முளைக்கும் பெட்டிகள்தான் அவர்களின் வருமானம். படம் ஓடும் பொத்தான் போலவே பத்துப் பொத்தான்கள் இருப்பது தற்செயல் இல்லை.

விலை கட்டுப்படியாகாதவர் என்ன செய்வது? உண்மையில் இந்தக் கேள்விக்கு இன்று நல்ல பதில் இருக்கிறது, அது போதிய அளவு மக்களிடம் போய்ச் சேரவில்லை. கடிதம், கணக்கு வேலைகளுக்கு லிப்ரெஆபிஸ். படம் திருத்த ஜிம்ப், லோகோ வரைய இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்க ஸ்க்ரைபஸ், ஒலி திருத்த ஆடாசிட்டி, படம் பார்க்க விஎல்சி. தமிழில் தட்டெழுத இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர். இவற்றை நகலெடுத்து நண்பருக்குக் கொடுப்பது குற்றமில்லை. இவற்றில் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள்கள், அவற்றின் உரிமமே கொடு என்கிறது. பழகிய கைக்குச் சில நாள் தடுமாற்றம் இருக்கும் என்பது உண்மைதான், அச்சகத்துக்கு அனுப்பும் வேலைகளில் சில சிக்கல்களும் வரும். தமிழில் இவற்றைச் சொல்லிக்கொடுக்க 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. புத்தகங்களிலும் இப்படித்தான். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நாவலை டெலிகிராமில் திருட்டுப் பிடிஎஃப் ஆகத் தேடுபவர்கள், 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டத்தையும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஓர் ஆயுளுக்குப் போதுமான வாசிப்பு அங்கே முறையாகவே கிடைக்கிறது.

இதுவரை படித்தவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கக்கூடும்: அசலை வாங்கினால் அல்லது அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் போதும். பெரும்பாலும் போதும்தான். எப்போதும் போதாது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத் தட்டுகளை யாரும் நகலெடுக்கக் கூடாது என்று ஒரு மென்பொருளைச் சேர்த்து விற்றது. காசு கொடுத்து வாங்கிய ரசிகர் சிடியைக் கணினியில் போட்டதும் அது உள்ளே புகுந்து, குறிப்பிட்ட சில குறிகளில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளையெல்லாம் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று இதை வெளியிட்டார். சில நாளிலேயே வைரஸ் எழுதுவோர் தங்கள் கோப்புகளுக்கும் அதே குறிகளில் பெயர் வைத்து அந்த மறைவிடத்தில் ஒளிந்துகொண்டார்கள். திருட்டுத்தனமாகப் பாட்டை இறக்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடையில் வாங்கியவர்கள்தான் அவதிப்பட்டார்கள். வழக்குகள் வந்தன, சோனி தட்டுகளைத் திரும்பப் பெற்றது, இழப்பீடு கொடுத்தது.

2017இல் சிசிகிளீனர் கதை வேறு மாதிரி. கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்க உலகமே பயன்படுத்திய மென்பொருள். செய்தவர்களின் கணினிக்குள்ளேயே யாரோ நுழைந்து, 5.33 என்ற பதிப்பில் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அது நிறுவனத்தின் சொந்தக் கையெழுத்தோடு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, ஏறக்குறைய ஒரு மாதம் வெளியே போனது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறியது. சீல் உடையவில்லை, நிரப்பும் இடத்திலேயே கலப்படம்.

கட்டற்ற மென்பொருளுக்கும் இந்தச் சோதனை வந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள், லினக்ஸ் ஓடும் இடங்களில் எல்லாம் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் ஊதியமில்லாமல் பராமரித்துவந்தார். களைத்துப்போயிருந்த அவரிடம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். வேறு சில பெயர்கள் வந்து, இவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள் என்று பராமரிப்பாளரை நெருக்கின. பொறுப்பு கைக்கு வந்தபின் 2024இல் ஒரு ரகசியக் கதவை உள்ளே வைத்து வெளியிட்டார். உலகின் கணக்கற்ற சர்வர்களுக்குள் கேட்காமல் நுழையக்கூடிய கதவு. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் பிடிப்பது அவரை உறுத்தியது. அந்த அரை நொடியின் காரணத்தைத் துருவித் துருவிப் போனவர், மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேருமுன்பே தடுத்துவிட்டார்கள்.

இந்த மூன்றிலும் தப்பு நடந்தது என்பதோடு கதை முடியவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தது. சோனியை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. சிசிகிளீனர் செய்தவர்கள் எந்தப் பதிப்பில் கோளாறு என்று அறிவித்து மாற்றுப் பதிப்பு கொடுத்தார்கள். எக்ஸ்இசட் மூலநிரல் திறந்து கிடந்ததால் சம்பந்தமில்லாத ஒருவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பென் டிரைவில் வந்த கிராக் விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

வேண்டாத செய்திகளிலும் இதே கேள்விதான் உதவுகிறது. மின்னஞ்சலில் முதல் விளம்பரத் தொல்லை 1978 மே மாதம் நடந்தது. டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். நாலு வருடம் கழித்து மின்னஞ்சல் அனுப்பும் முறையை வகுத்தபோது, ஒருவரையொருவர் அறிந்த சிறிய கூட்டம் அது என்பதால், அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று சோதிக்க ஏற்பாடே வைக்கவில்லை. இன்று வரை 'அனுப்புநர்' வரியில் எந்தப் பெயரையும் போட்டுவிட முடிகிறது. பின்னாளில்தான் கையெழுத்துச் சோதனைகள் மேலே ஒட்டப்பட்டன. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோர் அந்தச் சோதனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியில்தான் கட்டாயமாக்கின.

எஸ்எம்எஸ்ஸில் இந்தியா இதைவிடக் கொஞ்சம் உறுதியான ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிகளின்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் தன்னையும், அனுப்பும் பெயரையும், செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் வங்கிச் செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை, ஆங்கில எழுத்துகளாலான பெயரிலிருந்து வருகின்றன. முதல் இரண்டு எழுத்துகள் தொலைபேசி நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிக்கும், பிறகு ஒரு கோடு, பிறகு அனுப்புநர் பெயர். 2025 மே முதல் கடைசியில் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்தன. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வங்கியின் பெயரைச் சொல்லிப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டிய அவசியமே இல்லை. வந்த வழி தப்பு. அழைப்புகளுக்கும் அப்படியே, விளம்பரத்துக்கு 140, வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கிகளின் இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முடிய வேண்டும் என்பதுதான் முக்கியம். நடுவில் அந்தச் சொற்களை வைத்து வேறு எதிலாவது முடியும் முகவரி பொய்.

"என் நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். துணிக்கடை பில் போடும்போது, குலுக்கல் கூப்பன் நிரப்பும்போது, மால் வாசலில் நிற்கும் காரைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதும்போது நாமே கொடுத்ததுதான் பல. நாம் கொடுக்காவிட்டாலும், நம் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் நண்பர் ஏதோ ஒரு செயலிக்குத் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால் அதுவும் போய்விடும். கடையில் எண் கேட்டால் "வேண்டாங்க, பில் மட்டும் கொடுங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. முறையான விளம்பரங்களை நிறுத்த, 'ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு இடைவெளி விட்டு 0 சேர்த்து 1909 என்ற எண்ணுக்கு அனுப்பினால் போதும். மோசடிக்காரர்கள் இப்படி மறுத்தவர்களின் பட்டியலைப் பார்த்து அழைப்பதில்லை என்பதால் அவர்களை இது நிறுத்தாது. சந்தேகமான அழைப்பையும் செய்தியையும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் இன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். அமைப்புகளுக்குள் போய், தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், கோப்பு மேலாளர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்த அனுமதி இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். பேரப்பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டுக்கு அது தேவையில்லை.

யாராவது ஏற்கெனவே அப்படியொரு மோசடிச் செயலியை நிறுவிவிட்டார் என்றால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். அந்த வேறு போனிலிருந்தே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் புகார் எண் கேட்டு வாங்குங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தப்பு வாடிக்கையாளர் பக்கம் இருந்தாலும்கூட, தகவல் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அப்பாவோ அம்மாவோ பயந்துபோய்ச் சொல்லாமல் வைத்திருந்தால் அந்த நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அதனால் அவர்கள் சொன்னதும் திட்டாதீர்கள், போனை வாங்கி 1930ஐ அழுத்துங்கள்.